நூறு சதவீத ரிசல்ட்

உக்காருங்க தங்கச்சி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. மாவு ஒட்டிக்கிடும், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கோங்க. மிளகா வத்தல் திரிக்கத்தானே வந்தீய? கரண்டு இப்பத்தான் போச்சு. உங்க வீட்டுக்காரவ ஈ.பி.லதானே இருக்காவ, எப்ப வரும்னு ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன். ஊருக்கே கரண்டு விடுத மனுசன் வீட்டு வத்தல் என் மில்லுல கரண்டுக்குக் காத்துக் கிடக்கு, நல்ல கூத்து.

ஆமா, பழம் எதுக்கு வாங்கியாந்தீய? வத்தல் திரிக்க வாறவ யாராவது ஒரு சீப்பு பழத்தோட வருவாளா? பையில அது எட்டிப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. ரெஜினா டீச்சர்தானே அனுப்புனாவ? வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம், உங்க முகமே சொல்லுது. என் மகன் கௌதமுக்கு டி.சி. வாங்கிக்கிடச் சொல்லணும். இந்த ஒன்பதாவதோட அவனை எடுத்து வேற ஸ்கூல்ல சேத்துக்கோங்கன்னு சொல்லணும். பத்தாவதுக்கு இங்க இருந்தான்னா பெயிலாயிருவான், ரிசல்ட் விழுந்துரும். அதானே மெர்சி?

எப்படித் தெரியும்னு கேளுங்க. வெறுங்கையோட போகாம பழம் வாங்கிட்டுப் போற பழக்கத்தை உண்டாக்குனதே நான்தான். இன்னைக்கு எனக்கே பழம் வந்திருக்கு. என்ன துரோகம் பாத்தீயளா? நெஞ்சு கொதிக்கு எனக்கு.

உங்க மேல கோவம் இல்ல. நீங்க ஊருக்குப் புதுசு. நீங்க இப்ப உக்காந்திருக்க எஸ்.எம்.சி. தலைவி நாற்காலியில உங்களுக்கு முந்தி ரெண்டு வருசம் நான்தான் இருந்தேன். அது தெரியும்லா? ஆனா எப்படி இருந்தேன்னு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ. சொல்ல வாய் வராது அவியளுக்கு.

எனக்கு முன்னால இருந்தவளுக்கு அப்படி ஒரு குழு இருக்குங்கதே தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுன்னு சுவத்துல பெயிண்ட்ல எழுதியிருக்கும், அம்புட்டுத்தான். தீர்மான நோட்டை வீட்டுக்குக் குடுத்துவிடுவாவ, அவ அடுப்படியில நின்னுக்கிட்டே கையெழுத்தைப் போட்டுக் குடுத்துருவா. கூட்டம் நடந்தாச்சு. நான் வந்த முதல் மாசமே சொல்லிட்டேன், எனக்கு டீயும் வேண்டாம் பிஸ்கட்டும் வேண்டாம், கணக்கு வாத்தியார் எங்கன்னு சொல்லுங்கன்னு. ரெஜினா டீச்சருக்கு ஹெச்.எம். ஆகி அப்பத்தான் ஒரு வருசம். அப்படியே முழிச்சாவ.

கணக்கு வாத்தியார் கிடையாது தங்கச்சி. கணக்கு பீரியட்ல பி.டி. சார் வந்து பிள்ளையளைக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. ஊர்ல எல்லாப் பயலும் நல்லா கபடி விளையாடுவான், வகுத்தல் கணக்கு போடத் தெரியாது. அப்ப எங்க மூத்தவ அபிதா ஒன்பதாவது. அவளுக்கு நர்ஸுக்குப் படிக்கணும்னு ஆசை. அதுக்குப் பதினொண்ணாவதுல சயின்ஸ் குரூப் வேணும். நம்ம ஸ்கூல்லதான் சயின்ஸ் குரூப்பே இல்லியே. வரலாறு, காமர்ஸ், அதோட சரி. சயின்ஸ் வேணும்னா கோவில்பட்டிக்கு பஸ் ஏறணும். எங்க வீட்டுக்காரவ ஒரே பிடியா நின்னுட்டாவ, இருட்டுன பிறகு வயசுப்பிள்ளை பஸ்ஸுல வரக்கூடாது, பத்தோட நிறுத்துன்னு. நானும் மல்லுக்கட்டிப் பாத்தேன், மனுசன் அசையல. அப்ப எனக்கு என்ன வழி? சயின்ஸ் குரூப்பை நம்ம ஊருக்குக் கொண்டாரணும். இல்லேன்னா எம் மக என்னை மாதிரி மாவு அள்ளணும்.

நானும் மாடத்தியும்தான் அலைஞ்சோம். மாடத்தி தெரியும்லா, தண்ணித் தொட்டிப் பக்கம் பூக்கடை வச்சிருக்காளே, அவதான். அப்ப அவளும் குழுவுல இருந்தா. நகமும் சதையுமா இருந்தோம் நாங்க. திங்கக்கிழமை ஆனா மில்லைப் பூட்டிட்டு, அவ பூக்கட்டுததை விட்டுட்டு, கலெக்டர் ஆபீசுக்கு மனுவும் கையுமா போயிருவோம். அடுத்த திங்களும் போவோம். வாசல்ல நிக்கிற போலீஸ்காரப் பிள்ளை எங்களைக் கண்டாலே சிரிக்கும், "கணக்கு அக்கா ரெண்டு பேரும் வந்துட்டாவ"ன்னு. கடைசியில அவியளுக்கே எங்களைப் பாத்துப் பாத்து அலுத்துப்போயி பால்துரை சாரைப் போட்டாவ. அந்த ஆளு வந்து இறங்குன அன்னைக்கு மாடத்தி மாலை கட்டிக் கொண்டாந்து போட்டா. மனுசன் கூச்சத்துல நெளிஞ்சாரு.

அதோட விட்டோமா? சாயந்தர வகுப்பு வச்சோம். பிள்ளைய பசியோட உக்காந்திருந்தா மண்டையில என்ன ஏறும்னு, குழுவுல இருக்க அம்மாமாரு முறை வச்சு சுண்டல் அவிச்சுக் கொண்டு போனோம். லேப்பு பூட்டிக் கிடந்துச்சு, சாவி தொலைஞ்சு போச்சாம். நான் போயி பூட்டை உடைக்கச் சொன்னேன். உள்ள போனா பாட்டில் எல்லாம் வாங்குன மேனிக்கு இருக்கு. எந்தப் பிள்ளையும் தொட்டது கிடையாது. இப்ப உங்க மக அதுல பரிசோதனை பண்ணுதுல்லா? அது யாரால? சொல்லுங்க.

கரண்டு வந்துட்டு போல. இருக்கட்டும், மிசினைப் போட்டா ஒண்ணும் காது கேக்காது. இதைச் சொல்லி முடிச்சிட்டே திரிச்சுத் தாரேன். யாரது, சரசக்காவா? கோதுமையை அங்கன இறக்கி வச்சிட்டுப் போங்கக்கா, சாயந்தரம் வாங்க. ஆமா, இப்ப முடியாது, விருந்தாளி வந்திருக்காவ.

அந்த வருசக் கடைசியில ரெஜினா டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டாவ. ரூம்ல நானும் அவியளும் மட்டும்தான். "செண்பகவல்லி, பத்தாவதுல நூறு சதவீதம் காட்டுனா சயின்ஸ் குரூப் கேட்டு எழுதலாம். நம்ம பக்கம் வலு இருக்கும். ஆனா ஒன்பதாவதுல ஒரு ஏழு பேரு இருக்கு, அதுகளை வச்சுக்கிட்டு நூறு வராது"ன்னாவ. சரி, என்ன செய்யணும் டீச்சர்னேன். "டி.சி. வாங்கிட்டுப் போன்னு ஸ்கூல் சொல்லக்கூடாது, அது தப்பாயிரும். பெத்தவங்களா விரும்பி வந்து கேட்டா குடுக்கலாம். நீங்களும் ஒரு அம்மா. நீங்க போய்ச் சொன்னா கேப்பாங்க"ன்னாவ. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாவ தங்கச்சி. ஒரு ஹெச்.எம். என் கையைப் பிடிச்சிருக்காவ, அந்தக் கையில மாவு இருந்துச்சு. உங்க கையையும் பிடிச்சாவளா? பிடிச்சிருப்பாவ.

அதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க. ஏழு பேருக்காக மொத்த ஊரும் காமர்ஸ் படிக்கணுமா? அவங்களை என்ன கிணத்துலயா தள்ளுனோம்? வேற ஸ்கூல் இருக்கு, தையல் இருக்கு, ஐ.டி.ஐ. இருக்கு. நான் ஒருத்தரு மனசும் நோகப் பேசல. பழம் வாங்கிட்டுப் போவேன், உக்காருவேன், பிள்ளையைக் கூப்பிட்டுத் தலையைத் தடவுவேன். "இங்க இருந்து பெயில்னு பேர் எடுக்கதுக்கு, வேற இடத்துல நிம்மதியா இருக்கலாம்லா, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்"னு பையப் பைய எடுத்துச் சொல்லுவேன். முதல்ல ஒரு மாதிரி பாப்பாவ. பிறகு அவியளே, சரிக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுருவாவ. பேசுத விதம்னு ஒண்ணு இருக்கு.

முப்பிடாதின்னு ஒரு பிள்ளை, எங்க அபிதா பக்கத்துலயே உக்காந்திருக்கும். அது ஒண்ணுதான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு. பிறகு சரியாயிட்டு. இப்ப நூல் மில்லுல வேலை பாக்கு, ஹாஸ்டல்ல இருக்கு, சம்பாதிக்கு. அபிதா ஒரு வாரம் எங்கிட்ட பேசல. சின்னப்பிள்ளைதானே, அதுக்கு என்ன தெரியும்? யாருக்காக அலைஞ்சேன் நான்?

பால்துரை சாரும் கிடந்து குதிச்சாரு. நேரா மில்லுக்கே வந்துட்டாரு. "அந்த ஏழு பேரையும் எங்கிட்ட விடுங்கம்மா, ஞாயித்துக்கிழமையும் வந்து சொல்லித் தாரேன், ஒரு வருசம் இருக்குல்லா"ன்னாரு. எனக்கு எரிச்சல் வந்துட்டு. ஏன் சார், ரிசல்ட் போனா நீங்களா வந்து சயின்ஸ் குரூப் தருவீயன்னு கேட்டேன். விறுவிறுன்னு இறங்கிப் போயிட்டாரு. மனு குடுத்து மனு குடுத்து நாங்க கொண்டாந்த வாத்தியாரு, எங்களுக்கே எதிரா நிக்காரு. அப்பவே நான் உசாராகியிருக்கணும், என்னை ஒவ்வொருத்தரா முதுகுல குத்தப் போறாவன்னு.

அந்த ஏழுல மாடத்தி மகனும் ஒருத்தன். சந்தோஷு.

அவ வீட்டுக்குக் கடைசியாத்தான் போனேன். சிநேகிதிதானே, சொன்னா புரிஞ்சுக்கிடுவான்னு நினைச்சேன். பூ கட்டிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் சிரிச்சா, பழத்தைப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. "ஏட்டி, எங்கிட்டயுமா?"ன்னா. உன் மகன்னு நான் பாக்க முடியுமா மாடத்தி, ஊருக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமான்னு கேப்பாவல்லான்னேன். "எம் பையன் வாயில கேட்டா எல்லாம் சொல்லுவாம்ட்டி, எழுதத்தான் கை வரல"ன்னா. வாயில சொன்னா பரீட்சையில மார்க் போடுவாவளான்னு கேட்டேன். கேட்டது உண்மைதானே? அவ கையில இருந்த நாரைக் கடிச்சுத் துப்பிட்டு, மறுநாளே போயி டி.சி.யை வாங்கிட்டா. கோவில்பட்டியில கொண்டு சேத்துட்டா.

அடுத்த வருசம் நூறு வந்துச்சு மெர்சி! எழுதுன எல்லாரும் பாஸ். ஊரே கொண்டாடிட்டு. பஸ் ஸ்டாப்புல பேனர் வச்சாவ, அதுல ரெஜினா டீச்சர் படத்துக்குக் கீழ என் படம். சயின்ஸ் குரூப் வந்துச்சு. அபிதா சேந்துட்டா. விழாவுல டீச்சர் மைக்கைப் பிடிச்சு, "செண்பகவல்லி இல்லேன்னா இந்த ஸ்கூலே இல்ல"ன்னு சொன்னாவ. எனக்குப் பொன்னாடை போத்துனாவ. எங்க வீட்டுக்காரவ கூட கை தட்டுனாவ, அந்த மனுசன் கை தட்டி நான் பாத்ததே கிடையாது.

அதே வருசம் மாடத்தி மகனும் பாஸாயிட்டான். அந்தக் கூத்தையும் கேளுங்க. பால்துரை சாரு ஞாயித்துக்கிழமை தோறும் அவன் வீட்டுக்கே போயி கணக்கு சொல்லிக் குடுத்திருக்காரு! நம்ம வாத்தியாரு, அடுத்த ஸ்கூல் பையனுக்கு. இது எந்த ஊரு நியாயம்? சரி, அதையும் விடுங்க. அவன் கோவில்பட்டிக்குப் போனதாலதானே பாஸானான்? நான் அனுப்பினதாலதானே போனான்? அப்ப அவ எனக்கு நன்றி சொல்லணுமா வேண்டாமா?

அவ என்ன செஞ்சான்னு உங்களுக்கே தெரியும், நீங்களும் அன்னைக்கு இருந்தீயல்லா. குழுவை மாத்துத கூட்டம். அவ சின்ன மக இங்க படிக்குதுன்னு வந்து முன் வரிசையில உக்காந்திருந்தா. அதிகாரி கேட்டாரு, பழைய தலைவியே இருக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னு. நான் அடக்கமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாக்கேன், ஒரு கை இல்ல தங்கச்சி. ஒரே ஒரு கை இல்ல! நான் சுண்டல் அவிச்சுப் போட்ட பிள்ளையளோட அம்மாமாரு அம்புட்டு பேரும் காலைப் பாத்துக்கிட்டு இருக்காவ. ரெஜினா டீச்சராவது ஒரு வார்த்தை சொல்லுவாவன்னு பாத்தேன். அவிய ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தாவ.

அப்பத்தான் மாடத்தி எந்திரிச்சு உங்க பேரைச் சொன்னா. "மெர்சி இருக்கட்டும். அவங்க இன்னும் யாரு வாசலுக்கும் போகாதவங்க"ன்னா. என்ன அர்த்தம் அதுக்கு? வாசலுக்குப் போறது குத்தமா? வீடு வீடா அலைஞ்சது எனக்காகவா? அன்னைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவதான், ரெண்டு நாளு மில்லைத் திறக்கல. சிநேகிதி கழுத்தறுத்ததைக் கூடத் தாங்கலாம், அதுவும் மொத்த ஊருக்கு முன்னால அறுத்தா எப்படித் தாங்க?

இப்ப இது. டீச்சர் எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்லா? நேத்து கூட வாசல்ல பாத்தேன், "நல்லா இருக்கீங்களா செண்பகவல்லி"ன்னாவ. கையில என் மகன் பேரை வச்சுக்கிட்டு நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்காவ. அந்த நூறு யாரு வாங்கிக் குடுத்த நூறு? அதைக் காப்பாத்த என் மகனையே வெளிய அனுப்பணுமா? என்ன மனசு அது!

கௌதம் மக்குன்னு மட்டும் நினைச்சுராதீங்க. நீங்க அவங்கிட்ட பேசிப் பாருங்க. கேள்வியை வாயில கேளுங்க, மடமடன்னு சொல்லுவான். சயின்ஸ்ல எதைக் கேட்டாலும் சொல்லுவான். பேப்பரைக் குடுத்தாத்தான் எழுத்து முன்னப்பின்ன ஆயிரும், கை வேர்த்துரும். அது ஒரு வியாதி மாதிரியாம், அபிதாதான் போன்ல பாத்துச் சொன்னா, சொல்லிக் குடுக்க முறை வேற இருக்காம். ஒரு வருசம் முழுசா இருக்கு. பால்துரை சாரு இருக்காரு, அவருகிட்ட விட்டா தேத்திருவாரு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு உதவத்தானே குழு? இல்லேன்னா எதுக்கு இருக்கீய நீங்கள்லாம்?

நேத்து ராத்திரி சாப்பிடும்போது எங்கிட்ட கேக்கான், "எம்மா, என்னையும் சந்தோஷ் அண்ணன் மாதிரி அனுப்பிருவாவளா?"ன்னு. வகுப்புல பிள்ளைய பேசியிருக்கும் போல. போடா கோட்டி, நான் யாரு தெரியுமா, உன்னை எவன் தொடுவான்னேன். சொல்லி விடியல, நீங்க வந்து நிக்கீய. அவனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? அவனைக் கோவில்பட்டிக்கு அனுப்ப முடியாது தங்கச்சி, பஸ்ல அவனுக்குப் போர்டு படிச்சு ஏறத் தெரியாது. இங்கன்னா நாலு பேரு அவனைத் தெரிஞ்சவங்க. இந்த ஸ்கூலை விட்டா அவன் படிப்பு அதோட முடிஞ்சு போச்சு. மில்லுல உக்காந்திருவான். என் வயிறு எரியுது, சத்தியமா எரியுது.

ஏன் கண்ணைத் துடைக்கீய? இந்தா, நீங்க அழுதா எப்படி? நீங்க இந்த வேலைக்குப் புதுசு, அதான். எத்தனை வீடுன்னு சொன்னாவ டீச்சர்? என் வீட்டையும் சேத்து அஞ்சா? இதுதான் முதல் வீடா? ஐயோ பாவம், என் வீட்டுல ஆரம்பிக்கச் சொல்லியிருக்காவ பாருங்க.

நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. கௌதமை மட்டும் விட்டுருங்க. ஒரு பேரு. ஒரே ஒரு பேரு விட்டுப் போச்சுன்னா டீச்சருக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிராது. ஒரு பையனைத் தேத்த முடியாதா நம்மளால? நான் தேத்துதேன், பால்துரை சாரு கால்ல விழுந்தாவது தேத்துதேன்.

மீதி நாலு வீட்டை நினைச்சு நீங்க கலங்காதீங்க. இப்படிக் கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னா ஒருத்தியும் சம்மதிக்க மாட்டா. நீங்க சும்மா பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும், நான் பேசிக்கிடுதேன். யாரு எப்படிப் பேசுனா மசிவாவன்னு எனக்குத் தெரியும். மில்லைப் பூட்டிட்டு இப்பவே வாரேன். எந்திரிங்க. முதல்ல யாரு வீட்டுக்குப் போவோம்?